பல்கலைக்கழகத்துக்குப் போகும் பணம் வயலுக்கு எப்போது வரும்?

சம்பா பருவத் தொடக்கத்தில் டெல்டா பகுதியில் ஒரு பயிற்சிக் கூட்டம். மண் பரிசோதனை பற்றிப் பேசி முடித்து, “ஏதாவது கேள்வி உண்டா?” என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்து ஒரு மூத்த விவசாயி எழுந்தார்.

“சார், தப்பா நினைக்கக் கூடாது. வேளாண் பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிலையம்னு வருஷா வருஷம் கோடிக் கணக்குல கொடுக்குறாங்க. அந்தப் பணத்தை எங்களுக்கே பிரிச்சுக் கொடுத்தா என்ன?”

கூட்டம் சிரித்தது. ஆனால் அது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. வரி கட்டுகிற யாரும் கேட்க வேண்டிய கேள்விதான். நான் அவரிடம், “ஐயா, இந்தப் பருவத்துக்கு என்ன ரகம் விடப் போறீங்க?” என்று கேட்டேன்.

“சி.ஆர். சப் ஒன்னு. நம்மது பள்ளக்கால். அதுதான் தண்ணி தாங்குது” என்றார்.

பதிலில் பாதியை அவரே சொல்லிவிட்டார். மீதிப் பாதியை அன்று முழுமையாகச் சொல்ல நேரமில்லை. உயர்கல்வி நிறுவனங்களுக்கு அரசு ஆராய்ச்சி நிதி தரும் முறை இப்போது நாட்டில் மாறிக்கொண்டிருக்கிறது. அந்த மாற்றம் உங்கள் வயலைத் தொடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நானும் ஆராய்ச்சி நிதியில் பிழைப்பவன்தான். ஆகவே நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். கணக்கைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு நெல் வந்த வழி

சி.ஆர். 1009 நமக்குப் பழகிய நெல். கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தந்தது. நம் பக்கம் பொன்மணி என்றும் சொல்வோம். நீண்ட வயது, மோட்டா ரகம், நம்பிக்கையான மகசூல். ஒரே குறை, நாள் கணக்கில் மூழ்கினால் அழுகிவிடும்.

அதில் வெள்ளம் தாங்கும் ‘சப் 1’ பண்பைச் சேர்த்ததுதான் சி.ஆர். 1009 சப் 1. சாதாரண நெல் தண்ணீரில் மூழ்கினால் தலையை வெளியே நீட்டப் பார்க்கும். அதற்காகத் தண்டில் இருக்கும் மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துவிடும். தண்ணீர் வடிந்ததும் துவண்டு சாயும். சப் 1 உள்ள பயிர் அப்படிச் செய்யாது. வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். வடிந்த பிறகு மறுபடி துளிர்க்கும். வளர்ச்சிப் பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் வரை தாங்கும் என்பது இதன் பலம். இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. நெல்லோடு நெல்லைக் கலப்பு செய்து, வேண்டிய பண்பு வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஆய்வகத்தில் பார்த்துத் தேர்வு செய்தது.

இந்தப் பண்பு எங்கிருந்து வந்தது? ஒடிசா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த தால்புட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து. அதிலிருந்து எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்தை அங்குள்ள அரசு ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1970களில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான நெல் ரகங்களைத் தண்ணீரில் மூழ்கடித்துப் பார்த்தபோது தாங்கி நின்ற மிகச் சிலவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் அதைக் கொண்டு உருவாக்கிய முதல் கலப்புகள் விவசாயிகளுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளம் தாங்கியது, மகசூலும் அரிசித் தரமும் போதவில்லை.

1996-ல்தான் அந்தப் பண்பு நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவும் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம். சரியான மரபணு எது என்பது 2006-ல் வெளியானது. 2009-ல் ஸ்வர்ணா சப் 1 இந்தியாவில் வெளியிடப்பட்டது. அதன் பிறகு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நிதி தந்த ஒரு கூட்டுத் திட்டத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நமக்குப் பழகிய சி.ஆர். 1009-க்கு அதே பண்பைக் கொண்டுவந்தது.

கூட்டிப் பாருங்கள். பண்பைக் கண்டறிந்ததற்கும் உங்கள் நாற்றங்காலுக்கும் இடையே 30 ஆண்டுகளுக்கு மேல். இடையில் எத்தனையோ ஆண்டுகள் “உபயோகமில்லாத ஆராய்ச்சி” என்று யாராவது நிதியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அந்த மூத்த விவசாயியின் பள்ளக்காலுக்கு இன்று விதை இல்லை.

யாரும் இரண்டாவது முறை விற்க முடியாத சரக்கு

இன்னொரு உதாரணம், சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி போடுகிறவர்களுக்குத் தெரிந்தது.

2020-ல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. விரைவிலேயே நம் மாவட்டங்களுக்கும் வந்தது. நுனிக்குருத்து சுருண்டு, செடி குட்டையாகி, கிழங்கு இறங்கவில்லை. மருந்து அடித்துப் பார்த்தார்கள். மாவு போர்த்திய பூச்சிக்கு மருந்து சரியாகப் போய்ச் சேரவில்லை, கைக்காசுதான் போனது.

இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்தது. அங்கே மரவள்ளிதான் கோடிக்கணக்கான ஏழைகளின் அன்றாடச் சாப்பாடு. பூச்சியின் பூர்வீகம் தென் அமெரிக்கா என்று தெரிந்து, அதன் எதிரியைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் அங்கே போனார்கள். 1981-ல் பராகுவேயில் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி கிடைத்தது. அனாகைரஸ் லோபெசி என்பது அதன் பெயர். அதை ஆப்பிரிக்காவில் பரப்பிய பணிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெர்ரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நாற்பது ஆண்டு கழித்து, அதே குளவியை பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் 2021-ல் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. நம் பயிருக்கும் மற்ற பூச்சிகளுக்கும் கெடுதல் இல்லை என்று தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்கு வழங்கும் பணி தொடங்கியது. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவைப் பகுதியில் வந்தபோதும் இதே கதைதான். 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிகள் வந்தன. பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அவற்றைப் பெருக்கிக் கொடுத்தன.

இந்தக் குளவியை ஒரு கம்பெனி ஏன் கொண்டுவரவில்லை? காரணம் எளிது. ஒருமுறை விட்டால் அது தானாகப் பெருகும். பக்கத்துத் தோட்டத்துக்குத் தானாகப் பறந்து போகும். அடுத்த வருடம் அதை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். உங்களுக்கு இதைவிட நல்ல சரக்கு இல்லை. விற்கிறவருக்கு இதைவிட மோசமான சரக்கும் இல்லை.

நெல்லும் அப்படித்தான். தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் உங்கள் விதையை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம். உளுந்து, நிலக்கடலை, சாமை, வரகு எல்லாமே இந்த வகை. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையம் தந்த வி.பி.என். உளுந்து ரகங்களைப் போட்டவர்களுக்கு மஞ்சள் தேமல் நோய்த் தாங்கும் தன்மை எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மக்காச்சோளம், பருத்தி, காய்கறி வீரிய ஒட்டு விதைகளில் தனியார் நன்றாகவே முதலீடு செய்கிறார்கள். ஏனென்றால் ஒவ்வொரு பருவமும் புது விதை வாங்கியாக வேண்டும். அதில் தவறில்லை, அது வியாபாரம். ஆனால் வியாபாரத்துக்கு உதவாத ஆராய்ச்சியை யார் செய்வது? அதற்குத்தான் அரசுப் பணம்.

மண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவையில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனைத் திடல் இன்றும் இருக்கிறது. அதன் வழியில் 1970 முதல் இந்தியா முழுவதும் நீண்டகால உரச் சோதனைகள் நடக்கின்றன. தழைச்சத்தை மட்டும் போட்டால் முதலில் பயிர் பச்சையாகத் தெரிந்தாலும் போகப் போக மகசூல் சரிகிறது, சமச்சீர் உரத்தோடு தொழு உரமும் சேர்ந்தால் மகசூலும் மண்ணின் கரிமச்சத்தும் நிலைக்கின்றன என்று நாங்கள் உறுதியாகச் சொல்வது அந்தத் திடல்களைப் பார்த்துத்தான். மூன்று வருடச் சோதனையில் இது தெரியாது. ஒரு வருடம் நிதி இல்லை என்று அந்தத் திடலைத் தரிசாகப் போட்டால், தொடர்ச்சி அறுந்துபோகும். திரும்பத் தொடங்க இன்னொரு 1909 வராது.

பணம் எந்த வழியில் வருகிறது?

மாநில வேளாண் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் மூன்று வாய்க்கால்களில் வருகிறது.

முதலாவது, மாநில அரசின் மானியம். சம்பளம், ஓய்வூதியம், பண்ணைப் பராமரிப்பு எல்லாம் பெரும்பாலும் இதில்தான். கட்டாயச் செலவு போக ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது குறைவு.

இரண்டாவது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். 1929-ல் தொடங்கிய இந்தக் கழகம், அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்களை நடத்துகிறது. 1957-ல் மக்காச்சோளத்தில் தொடங்கிய முறை இது. பல்கலைக்கழக மையங்களுக்கான செலவில் மத்திய அரசு 75 சதவீதம், மாநிலம் 25 சதவீதம். ஒரே ரகத்தை ஆடுதுறையிலும் கட்டாக்கிலும் லூதியானாவிலும் ஒரே முறையில் சோதிக்க முடிவது இதனால்தான். வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் இந்தக் கழகம்தான் நிதி தருகிறது.

மூன்றாவது, போட்டி போட்டு வாங்கும் திட்ட நிதி. விஞ்ஞானி ஒரு திட்டம் எழுதி டெல்லிக்கு அனுப்புவார். தேர்வானால் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குப் பணம் வரும். கம்பெனிகள் தங்கள் மருந்தையோ உரத்தையோ சோதிக்கக் கட்டணம் கட்டுவதும் உண்டு.

முதல் இரண்டும் ஆற்றுப் பாசனம் மாதிரி. குறைந்தாலும் முறை வைத்து வரும். மூன்றாவது மழை மாதிரி, பெய்தால் உண்டு.

எவ்வளவு?

இந்தியா தன் மொத்த உற்பத்தி மதிப்பில் எல்லா அறிவியல் ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிடுவது 0.64 சதவீதம். இது 2020-21 கணக்கு. சீனா 2 சதவீதத்துக்கு மேல் செலவிடுகிறது. நம் செலவிலும் பல்கலைக்கழகம், கல்லூரி போன்ற உயர்கல்வி நிறுவனங்கள் வழியாக நடப்பது சுமார் 9 சதவீதம் மட்டுமே. நாட்டில் ஆராய்ச்சி மாணவர்கள் இருப்பது பல்கலைக்கழகங்களில். பணம் இருப்பது வேறு இடங்களில்.

வேளாண்மைக்கு வருவோம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 10,466 கோடி ரூபாய். இதில் கணிசமான பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடும். அதே பட்ஜெட்டில் உர மானியம் சுமார் 1.68 லட்சம் கோடி ரூபாய். அதாவது ஆராய்ச்சிக்கு ஒரு ரூபாய் என்றால் உர மானியத்துக்கு 16 ரூபாய்.

உர மானியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நின்றால் யூரியா மூட்டை விலை என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் குறைந்த உரத்தில் அதே மகசூல் எடுக்கும் வழியைக் கண்டுபிடிக்கும் செலவு, உரத்துக்கான செலவில் 16-ல் ஒரு பங்குதான் என்பது யோசிக்க வேண்டிய கணக்கு.

மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை, வேளாண் ஆராய்ச்சியில் போடும் ஒவ்வொரு ரூபாயும் 13.85 ரூபாயாகத் திரும்பி வருவதாகச் சொல்கிறது. இது சராசரி. எல்லா ஆராய்ச்சியும் இப்படித் தராது. பத்தில் சில பலிக்கும், பல பலிக்காது. பலித்ததும் உடனே கிடைக்காது. இருந்தாலும் இவ்வளவு திருப்பித் தரும் அரசுச் செலவு வேளாண்மையில் வேறு அதிகம் இல்லை.

அந்த மூத்த விவசாயியின் கேள்விக்கு இங்கே கணக்காகவே பதில் சொல்லலாம். பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெறும் குடும்பங்கள் சுமார் 10 கோடி. அந்த 10,466 கோடியையும் அவர்களுக்குப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வரும். அது ஒரு மூட்டை டி.ஏ.பி.க்குக்கூடப் போதாது. பிரிக்காமல் வைத்ததால் கிடைத்தது, மூழ்கினாலும் முளைத்து எழும் ஒரு நெல்.

இப்போது மாறுவது என்ன?

2023-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்ற புதிய அமைப்பு 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகங்களுக்குத் திட்ட நிதி தந்துவந்த பழைய அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதில் இணைந்துவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சியை வளர்ப்பது இதன் நோக்கங்களில் ஒன்று. இது நல்ல நோக்கம்.

ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனால் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் அரசு தருவது 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடை போன்ற அரசு சாரா வழிகளில் வர வேண்டும். அரசின் பங்கை மட்டும் எடுத்தால் ஆண்டுக்கு 2,800 கோடி. அதுவும் இயற்பியல், வேதியியல், மருத்துவம், பொறியியல், வேளாண்மை எல்லாவற்றுக்கும் சேர்த்து.

2024 ஜூலை பட்ஜெட்டில் வேளாண் ஆராய்ச்சி அமைப்பையே மறுஆய்வு செய்வதாகவும், நிதியைப் போட்டி முறையில் தனியாருக்கும் சேர்த்து வழங்குவதாகவும் அறிவித்தார்கள். 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தனியார் நிறுவனங்கள் ஆராய்ச்சியில் இறங்குவதற்காகக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ நீண்டகாலக் கடன் தருவது அதன் முக்கிய வழி. ஏற்கெனவே ஓரளவு வளர்ந்த, சந்தைக்கு நெருங்கிவிட்ட தொழில்நுட்பங்களுக்குத்தான் அது பொருந்தும்.

இவை எல்லாவற்றையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். தனியார் பணம் ஆராய்ச்சிக்கு வருவது நாட்டுக்கு நல்லது. போட்டி இருந்தால் எங்களைப் போன்றவர்கள் சோம்பி உட்கார முடியாது. என் கவலை வேறு. கடன் வாங்கியவர் திருப்பிக் கட்ட வேண்டும். கட்ட வேண்டுமானால் விற்க வேண்டும். மரவள்ளிக் குளவியை விற்க முடியாது. உளுந்து விதையை இரண்டாவது முறை விற்க முடியாது. 1909 முதல் நடக்கும் உரச் சோதனையின் முடிவு, “இந்த உரத்தைக் குறைத்துப் போடுங்கள்” என்றுகூட வரலாம். அதற்கு எந்த உரக் கம்பெனி பணம் தரும்?

மழை அதிகமாகப் பெய்யட்டும், சந்தோஷம். ஆனால் அதைக் காட்டி ஆற்றுத் தண்ணீரை நிறுத்திவிடக் கூடாது. நிலையான மானியம் அப்படியே நின்று, அல்லது விலைவாசிக்கு ஏற்ப உயராமல் தேய்ந்து, போட்டி நிதியும் தனியார் நிதியும் மட்டுமே வளர்ந்தால், விற்கக்கூடிய பயிருக்கு ஆராய்ச்சி நடக்கும். மானாவாரிக்காரருக்கும் சிறுதானியக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நடக்காது.

மூன்றாண்டுப் பணமும் பத்தாண்டு ரகமும்

ஒரு நெல் ரகம் உருவாகும் கணக்கு இது. கலப்பு செய்து, ஆறேழு தலைமுறை தேர்வு செய்ய வேண்டும். பிறகு நிலையத்துச் சோதனை, அதன் பிறகு பல இடங்களில் சோதனை, கடைசியாக வேளாண் துறையோடு சேர்ந்து விவசாயிகளின் வயலில் அனுசரணை ஆராய்ச்சித் திடல். மொத்தம் ஏறக்குறைய பத்து ஆண்டுகள். மூன்றாண்டுத் திட்டப் பணத்தில் இதை எப்படி முடிப்பது? மூன்றாம் ஆண்டு முடிவில் திட்டத்தில் வேலை பார்த்த இளைஞர் வேறு வேலை தேடிப் போய்விடுவார். பொறுக்கி வைத்த கதிர்கள் பையில் இருக்கும். எந்தக் கதிர் எதற்காக என்று தெரிந்தவர் இருக்க மாட்டார்.

எனக்கே நேர்ந்தது ஒன்று. நேரடி விதைப்பு குறித்த ஒரு திட்டத்தில் குறுவைக்கு ஜூனில் வர வேண்டிய பணம் செப்டம்பரில் வந்தது. மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டச் சொன்னார்கள். குறுவை போய்விட்டது. ஒரு பருவத் தரவு இல்லாமல்தான் அறிக்கை எழுதினேன். பணம் குறையவில்லை, காலம் தப்பிவிட்டது. விதைப்புக்குப் பிறகு வரும் பயிர்க் கடன் எதற்கு உதவும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பணியிடங்கள் இன்னொரு பிரச்சினை. ஆராய்ச்சி நிலையங்களில் அனுமதிக்கப்பட்ட விஞ்ஞானி இடங்கள் நிறையவே காலியாக இருக்கின்றன. காலி இடம் பட்ஜெட்டில் வெட்டாகத் தெரியாது. ஆனால் விளைவு வெட்டுதான். ஒரு சிறு நிலையத்தில் பூச்சியியல் வல்லுநர் இல்லை என்றால், புதிய மாவுப்பூச்சி வரும் நாளில் “இது வழக்கமான பூச்சி இல்லை” என்று சொல்ல ஆள் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் பக்கத் தவறுகள்

பணம் குறைவு என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை. பதவி உயர்வுக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். வயலில் என்ன மாறியது என்று எண்ணுவதில்லை. அதனால் கட்டுரைக்காக நடக்கும் சோதனைகள் உண்டு. வெளியிட்ட ரகங்களில் பல, விழா மேடையோடு நின்றுவிடுகின்றன. 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் 109 புதிய ரகங்களைப் பிரதமர் வெளியிட்டார். அவற்றில் எத்தனைக்கு உங்கள் வட்டார விரிவாக்க மையத்தில் விதை கிடைக்கும் என்பதுதான் உண்மையான தேர்வு. ரகத்தை வெளியிட்டுவிட்டு வல்லுநர் விதையைப் போதுமான அளவு தராமல் விட்டால், ஆராய்ச்சிச் செலவு முழுவதும் வீண். இதற்கு டெல்லியைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே “இன்னும் பணம் கொடுங்கள்” என்று மட்டும் கேட்பதில் பயனில்லை. எந்த வேலைக்கு, எத்தனை ஆண்டுக்கு, யாருக்குப் பதில் சொல்லும் பணம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று: ஒவ்வொரு வேளாண் அறிவியல் நிலையத்திலும் அறிவியல் ஆலோசனைக் குழு உண்டு. அதில் விவசாயிகளும் உறுப்பினர்கள். உங்கள் மாவட்டக் குழுவில் விவசாயி உறுப்பினர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பிரச்சினையை அவர் வழியாகக் கூட்டக் குறிப்பில் பதிய வையுங்கள். குறிப்பில் ஏறாத பிரச்சினைக்குத் திட்டம் எழுத முடியாது.

இரண்டு: ஆட்சியர் நடத்தும் மாதாந்திரக் குறைதீர் கூட்டத்தில் கடன், காப்பீடு, கொள்முதல் பற்றிக் கேட்கிறோம். கூடவே இதையும் கேளுங்கள்: நம் மாவட்ட ஆராய்ச்சி நிலையத்தில் எத்தனை விஞ்ஞானி இடம் காலி? எந்தத் துறையில்? வாய்மொழிப் பதில் கிடைக்காவிட்டால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும்.

மூன்று: அனுசரணை ஆராய்ச்சித் திடலுக்கு இடம் கேட்டால் கொடுங்கள். ரகம் தோற்றால் “நல்லா இருக்கு சார்” என்று மரியாதைக்குச் சொல்லாதீர்கள். சாய்ந்ததா, பதர் எவ்வளவு, வியாபாரி என்ன விலை கேட்டார் என்று அப்படியே சொல்லுங்கள். உங்கள் மரியாதை எங்களைத் தவறான ரகத்தை வெளியிட வைக்கும்.

நான்கு: உதவி வேளாண்மை அலுவலர்களுக்கும் ஆத்மா திட்டப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வயலில் புதிதாக எதையாவது பார்த்தால் தேதி, இடம், பயிரின் வயது, படம் ஆகியவற்றோடு எழுத்தில் நிலையத்துக்கு அனுப்புங்கள். அந்த ஒரு பக்கம்தான் பிறகு நிதி கேட்கும்போது எங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம். ஒட்டுண்ணி விட்ட தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஐந்து: தமிழ்நாட்டில் 2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடப்படுகிறது. அதற்கு முன்பு விவசாயிகளிடம் கருத்துக் கேட்கிறார்கள். சங்கங்கள் தரும் மனுவில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நிலையான ஆராய்ச்சி மானியம் விலைவாசிக்கு ஏற்ப உயர வேண்டும். பருவம் தொடங்கும் முன்பே அது நிலையங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். நாங்கள் கேட்டால் சம்பளக்காரன் கேட்கிறான் என்பார்கள். நீங்கள் கேட்டால் அது வேறு.

அன்று கூட்டம் கலைந்த பிறகு அந்த மூத்த விவசாயி என்னிடம் வந்தார். “சார், வெள்ளத்துக்கு ஒன்னு கண்டுபிடிச்சீங்க, சரி. எங்க கடைமடையில இப்போ உப்புத் தண்ணி ஏறுது. அதுக்கு யாரு பார்த்துக்கிட்டு இருக்காங்க?”

உவர் தாங்கும் நெல் ரகங்கள் ஏற்கெனவே சில இருக்கின்றன, பெயர்களைச் சொன்னேன். ஆனால் அவர் கேட்டது அது இல்லை என்று தெரிந்தது. அவருடைய ஊர் உப்புக்கு, அவருடைய பருவத்தில், வெள்ளத்தையும் சேர்த்துத் தாங்கும் ஒரு நெல்லை இப்போது யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்டார். பத்து வருடம் கழித்து அது அவருடைய பேரனின் நாற்றங்காலில் இருக்க வேண்டுமானால், கலப்பு இந்தப் பருவமே தொடங்க வேண்டும். தொடங்குபவருக்கு மூன்று வருடத்துக்கு மேல் வேலையும் பணமும் இருக்க வேண்டும்.

“ஆலோசனைக் குழுவுக்கு எழுதிக் கொடுங்க ஐயா” என்றேன். அங்கேயே என் பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தார்.